கரும்பலகையில் நான் வரையாத வளையம்

இருபத்திரண்டு வருஷமாகத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சமிபாட்டுத் தொகுதியைப் புத்தகம் பார்க்காமல் கரும்பலகையில் வரைந்துவிடுவேன். ஈரலுக்குச் சிவப்புச் சோக்கு, பித்தப்பைக்குப் பச்சை, சதையிக்கு, அதாவது கணையத்துக்கு, மஞ்சள். ஈரலிலிருந்து ஒரு குழாய் வரும், சதையியிலிருந்து ஒரு குழாய் வரும், இரண்டும் சேர்ந்து முன்சிறுகுடலுக்குள் நுழையும். அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, கையைத் தட்டிவிட்டு, எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். அந்த இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. சாப்பாடு வரும்போது திறக்கும், மற்ற நேரம் மூடியிருக்கும். அதை நான் ஒருநாளும் வரைந்ததில்லை. பரீட்சையில் கேட்கமாட்டார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு டொக்டர் அதை எனக்குக் கடதாசியில் வரைந்து காட்டினார். என் மகளுடைய வளையத்தை வெட்டுவதா, வெட்டாமல் விடுவதா என்று கேட்பதற்காக வரைந்தார்.

மகளுக்கு இருபத்தொரு வயது. எல்ல என்ற ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பு மேசையில் வேலை. பிறந்ததிலிருந்தே அவளுடைய சிவப்பணுக்கள் ஆயுள் முடியுமுன் உடைந்துவிடும். தகப்பன் வழியில் வந்த கோளாறு, அதாவது என் வழியில். அதனால் அவள் கண்ணின் வெள்ளை எப்போதும் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். ஸ்கூலில் அவளை 'மஞ்சக்கண்ணி' என்பார்கள். வீட்டில் நாங்களும் செல்லமாக அப்படிக் கூப்பிட்டிருக்கிறோம். மஞ்சள் எங்களுக்குப் பழகிவிட்டது. அதுதான் வினையாகப் போனது. இரண்டு வாரம் வீடியோ கோலில் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினேன். கண் முட்டைக்கரு மாதிரி மாறிக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. வெளிச்சம் சரியில்லை என்று நினைத்தேன்.

ஒருநாள் மத்தியானம் கெஸ்ட் ஹவுஸ்காரர் போன் எடுத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டாள், பதுளைக்குக் கொண்டு போகிறோம், நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார். எங்கள் ஊரான கொஸ்லந்தயில் இருந்து நான் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். மனைவி அடுத்த நாள் காலையில் துணிமணியோடு வருவதாகப் பேச்சு. அன்று பின்னேரமே மண் சரிந்து பாதை அடைபட்டது. அவள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

பெண்கள் வாட்டுக்குள் ஆண்கள் நிற்க முடியாது. காலையில் அரை மணித்தியாலம், மத்தியானம் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம். மற்ற நேரமெல்லாம் கேட்டுக்கு வெளியே, பூட்டிய கடையின் படியில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மழை விட்டால் எழுந்து நிற்பேன், பெய்தால் உட்காருவேன். உள்ளே அவளுக்கு நோகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அவள் போனில் சார்ஜ் இருக்காது. இருந்தால், "நல்லா இருக்கேன்பா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்ற ஒரே பதில்தான் வரும்.

பக்கத்துக் கட்டிலில் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்த ஓர் அம்மா படுத்திருந்தார். நாற்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். காலில் ஆறாத புண். முதல் நாளே என்னைக் கணக்கெடுத்துவிட்டார்.

"சேர், சும்மா சும்மா புள்ள மூஞ்சியப் பாத்துப் பெருமூச்சு விடாதீங்க. அந்தக் காத்துலயே அது பறந்துரும் போல இருக்கு."

"இல்லீங்கம்மா…"

"என்ன இல்லீங்க? போய் டீ குடிங்க. நான் பாத்துக்கிறேன். எங்க ஓடிரப் போறா? கையில சேலைன் குத்தியிருக்கு, எனக்கும் ஒரு கால் தான் ஓடும். சமமா இருக்கோம்."

மகள் சிரித்தாள். சிரித்தபோது வலித்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் டொக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். யாழ்ப்பாணத்துக்காரர். நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் மாஸ்டர் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். கடதாசியைத் திருப்பி, பேனையால் இரண்டு குழாய்களை வரைந்தார். சேரும் இடத்தில் ஒரு சின்ன வட்டம்.

"மாஸ்டர், இஞ்ச பாருங்கோ. ரத்த அணு உடைஞ்சு உடைஞ்சு பித்தப்பையில சேர்ந்த கல்லு ஒண்டு இறங்கி வந்து இந்தக் குழாய்க்குள்ள நிக்குது. வாயால கமெரா விட்டு எடுக்கப்போறம். ஆனா வாசல் சின்னன். பெருப்பிச்சால்தான் கல்லு வரும். அதுக்கு ரெண்டு வழி. ஒண்டு, இந்த வளையத் தசையைக் கொஞ்சம் வெட்டிறது. கூடுதலா நாங்கள் செய்யிறது அதுதான். கல்லு சுகமா வரும். ஆனா வெட்டினது வெட்டினதுதான். கதவு பிறகு முந்தி மாதிரிப் பூட்டாது. குடலில இருக்கிறது மேல ஏறலாம், கிருமி போகலாம். எல்லாருக்கும் வரும் எண்டில்லை. எழுபது வயசு ஆளெண்டா நான் இதை யோசிக்கவே மாட்டன். பிள்ளைக்கு இருபத்தொண்டு. இன்னும் எத்தினை வருசம் அந்தக் கதவு வேலை செய்யவேணும்."

"மத்த வழி, டொக்டர்?" என்றாள் மகள்.

"வெட்டாமல், சின்னப் பலூன் ஒண்டை வாசலுக்குள்ள வைச்சு மெதுவா ஊதி, கொஞ்ச நேரம் பிடிச்சிருக்கிறது. கல்லு சின்னன் எண்டபடியா சரிவரும். தசை தப்பும். ஆனா சதையிக் குழாயும் இதே வாசலாலதான் வருது. அது நெருக்குப்பட்டா சதையி வீங்கும். வெட்டிறதை விட இதில அந்தப் பயம் கூட. அநேகமா சில நாளில ஆறும். சிலருக்குக் கடுமையாப் போகும். நான் மறைக்கேல்லை."

"உங்க மகளா இருந்தா எது செய்வீங்க?"

"எனக்கு ரெண்டும் பொடியள்," என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "வீக்கத்தைக் குறைக்க முன்னுக்கே மருந்து வைப்பம். பலூனை அவசரப்படாமல் பிடிப்பம். எனக்கு ரெண்டும் ஏலும். யோசிச்சுச் சொல்லுங்கோ," என்றார்.

யோசிக்க என்ன இருந்தது? ஒரு பக்கம் போனால் வாழ்நாள் முழுக்கப் பூட்டாத கதவு. மறுபக்கம் போனால் நாளைக்கே உயிராபத்து வரலாம். எதையும் தொடாமல் விட்டால் கல் குழாயை அடைத்துக்கொண்டே இருக்கும், காய்ச்சல் ஏற்கனவே தொடங்கிவிட்டது. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேள்வி கேட்டால், சரியான விடை ஒன்றுதான் இருக்கும், தேடு என்பேன். அங்கே எனக்குத் தேடத் தெரியவில்லை.

மகள் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கையெழுத்து அவளுடையது. "அப்பா, நீங்க சொல்லுங்க," என்றாள்.

"வெட்ட வேணாம்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். படிப்பு அல்ல காரணம். 'முந்தி மாதிரிப் பூட்டாது' என்ற சொல்தான். என் வழியில் வந்த ரத்தத்தால் அவளிடம் ஏற்கனவே ஒன்று பழுது. இன்னொன்றையும் பழுதாக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

அன்று பின்னேரம் மனைவி போனில் பேசினாள்.

"என்னங்க, எண்ணெய் குடுத்தீங்களா?"

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டைவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளையின் பைக்குள் சின்னப் போத்தலில் ஜெப எண்ணெய் வைத்து அனுப்புவார்கள். சுத்தமான தேங்காய் எண்ணெய், சபையே எழுந்து நின்று ஜெபித்தது. காய்ச்சல் தலைவலிக்கு நெற்றியில் பூசுவது. உடம்புக்குள் வருத்தம் என்றால் ஒரு மூடி குடிப்பது. எல்லயில் இருந்து வந்த மகளின் பைக்குள் அந்தப் போத்தல் இருந்தது.

"நெத்தியில பூசிவிட்டேன்," என்றேன்.

"வருத்தம் உள்ளுக்குள்ள. வெளிய பூசி என்ன வேல? காலையில உள்ள கொண்டுபோறதுக்கு முன்ன ஒரு மூடி குடுங்க."

"ஒண்ணுமே குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. தண்ணிகூடக் கூடாது."

"நான் சோறா குடுக்கச் சொன்னேன்? தண்ணியா குடுக்கச் சொன்னேன்?"  பிறகு குரல் உடைந்து வந்தது. "நீங்க அங்க நிக்கிறீங்க. புள்ள மூஞ்சியப் பாக்குறீங்க. நான் இங்க உக்காந்து மண்ணு அள்ளுற மெசினப் பாத்துக்கிட்டு இருக்கேன். என் கையால அவளுக்குச் செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதாங்க."

அதற்குப் பிறகு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு வாட்டுக்குள் போனேன். கட்டில் தலைமாட்டில் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று அட்டை தொங்கியது. மகள் அதைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மாவா?"

தலையாட்டினேன்.

அவள் வாயைத் திறந்தாள். மூடியில் ஊற்றி, சின்ன வயதில் பூச்சி மருந்து கொடுத்த மாதிரி கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டு தலையணையில் சாய்ந்தாள். மூடியைத் திருகும்போதுதான், இருபத்திரண்டு வருஷம் நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம் என் காதில் என் குரலிலேயே கேட்டது: கொழுப்பு குடலை அடைந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைத் தள்ளும். அடைபட்ட குழாய்க்குள் இன்னும் தள்ளச் சொல்லி நானே கொழுப்பை அனுப்பியிருக்கிறேன். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை செய்யாத பிழை.

பக்கத்துக் கட்டில் அம்மா இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது.  அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு மகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். கதவுவரை என்னையும் வரவிட்டார்கள். அங்கே நர்ஸ் நோய் விவரம் எழுதிய டிக்கட்டைப் பார்த்துக்கொண்டே சிங்களத்தில் கேட்டார், காலையில் ஏதாவது சாப்பிட்டாயா, குடித்தாயா? மகள் என் பக்கம் திரும்பாமல், "நே மிஸ்," என்றாள். இல்லை என்றாள். நர்ஸ் என்னைப் பார்த்தார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். தெரியாதவன் மாதிரி நின்றேன். கதவு மூடியது.

நான் எத்தனையோ பிள்ளைகளைப் பொய் சொன்னதற்காக வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். அந்தக் கதவுக்கு முன்னால் இருந்த நேரம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போதும். தட்டிச் சொல்லலாம். சொன்னால் இன்றைக்கு நிறுத்திவிடுவார்கள், கல் உள்ளேயே இருக்கும், காய்ச்சல் ஏறும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. மனைவியின் எண்ணெயால் சிகிச்சை நின்றது என்று ஆகிவிட்டால் அவள் தாங்கமாட்டாள். இரண்டு தரம் எழுந்து கதவுவரை போனேன். கையை உயர்த்தினேன். ஒரு தரம் கதவே தானாகத் திறந்து, வெளியே வந்த சிற்றூழியர், "ஏன் ஐயா?" என்றார். "டொய்லட் எங்க?" என்று கேட்டேன். அவர் காட்டிய பக்கம் நடந்துபோய், சுவரைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

டொக்டர் வெளியே வந்தபோது முகமூடியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தார். "கல்லு வந்திட்டுது மாஸ்டர். வெட்டேல்லை. அஞ்சு நிமிசம் பலூனைப் பிடிச்சனான். வாசல் நல்லா இருக்கு. இனிச் சதையி என்ன சொல்லுது எண்டு பாப்பம்."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். எண்ணெய் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவர் போய்விட்டார்.

சதையி மத்தியானமே சொல்லிவிட்டது. பார்வையிடும் நேரத்துக்கு உள்ளே போனபோது மகள் முழங்காலை மார்போடு சேர்த்து, சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். முதுகு வரைக்கும் வலிக்குது என்றாள்.  வாந்தி எடுத்தாள். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். சதையி வீங்கியிருக்கிறது என்று முடிவு வந்தது. வாயால் ஒன்றும் இல்லை, சேலைன் மட்டும். மணி அடித்ததும் என்னை வெளியே போகச் சொன்னார்கள். அவள் என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு விரலாக நான்தான் எடுத்துவிட வேண்டியிருந்தது.

அடுத்த நாளும் வலி குறையவில்லை. பலூன் வைத்ததிலிருந்து மூன்றாம் நாள் காலை டொக்டரை நடைபாதையில் வழிமறித்தேன். அவர் தடுத்தும் கேட்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெயை, மூடியை, நர்ஸ் கேட்டபோது நான் நின்ற விதத்தை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்கள் விஞ்ஞான மாஸ்டர் எல்லோ?"

"ஆமாங்க."

"அந்த எண்ணெயால சதையி வீங்கேல்லை. பலூனால வந்தது. நான் முதலே சொன்னனான். அதை உங்கட தலையில போடாதேங்கோ." மூச்சு விடப் போனேன். அவர் விடவில்லை. "ஆனா ஏன் ஒண்டும் குடுக்க வேண்டாம் எண்டு சொல்லுறம் தெரியுமோ? மயக்க மருந்து குடுத்துத் தொண்டையை விறைக்கப் பண்ணித்தான் கமெரா விடுறம். அந்த நேரம் வயித்துக்குள்ள இருக்கிறது மேல வந்து சுவாசப்பைக்குள்ள போனா? எண்ணெய் போனா? உங்களுக்கு நான் வெளியில வந்து வேற செய்தி சொல்லியிருப்பன்."

நான் பித்தப்பையை மட்டும் நினைத்து இரண்டு நாள் என்னைத் தின்றுகொண்டிருந்தேன். உண்மையான ஆபத்து எனக்குத் தெரியாத பக்கத்தில் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்தச் செய்தியோடு டொக்டர் கதவைத் திறப்பது எனக்குத் தெரிகிறது. பாடம் நடத்தும்போதும் வரும், பல் விளக்கும்போதும் வரும். நடக்காத ஒன்று, நடந்ததைவிடத் தெளிவாக.

ஐந்தாம் நாள் வலி தணிந்தது. ஆறாம் நாள் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டில் அம்மா, "மெல்ல குடி புள்ள. ஒங்கப்பா கரண்டியோட சேத்துத் தள்ளிருவாரு போல நிக்கிறாரு," என்றார். அவர் என்னை மறுபடி கிண்டல் செய்ததில் எனக்குக் கண் கலங்கியது.

அன்றைக்குத்தான் பாதை திறந்தார்கள். மனைவி உள்ளே வந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை விரித்துப் பார்த்தாள். மஞ்சள் இறங்கி, பழைய மஞ்சள் மட்டும் மிச்சமிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எண்ணெய் குடுத்தீங்கதானே?"

"குடுத்தேன்."

"பாத்தீங்களா?" என்றாள். அவ்வளவுதான். பக்கத்துக் கட்டில் அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் கிளினிக்கில் டொக்டர் ரத்த முடிவுகளைப் பார்த்தார். பருப்பும் தேங்காய்ப்பால் சொதியும் சாப்பிட்டால் நோகிறதா என்று மகளிடம் கேட்டார். இல்லை என்றாள். "அப்ப கதவு திறந்து பூட்டுது," என்றார். கல் உண்டாகும் பித்தப்பையை இனி வெளியே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, அடுத்த ஒப்பரேஷனுக்கு நாள் கொடுத்தார். துண்டில் கீழே, முதல்நாள் இரவிலிருந்து வெறும் வயிறு என்று எழுதி, இரண்டு தரம் கோடு போட்டு என்னைப் பார்த்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தியத்தலாவ தாண்டியதும் திடீரென்று, "அப்பா, அன்னைக்கு நான் அத முழுங்கல," என்றாள்.

"எத?"

"எண்ணெய. வாயிலயே வச்சிருந்தேன். நீங்க போனதும் துவாயில துப்பிட்டேன். அதான் மிஸ்கிட்ட இல்லன்னு சொன்னேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா அம்மாகிட்ட நீங்க பொய் சொல்லணும். ஒங்களுக்குத்தான் பொய் வராதே."

அவளைப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். துவாயை நான்தான் துவைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததா? வாந்தி, வியர்வை, எல்லாம் சேர்ந்த துவாய் அது. எனக்கு ஞாபகமில்லை. உண்மையைத்தான் சொன்னாளா, நான் நிம்மதியாக இருக்கட்டும் என்று சொன்னாளா, தெரியவில்லை. இரண்டாம் தரம் கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

ஒப்பரேஷனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மனைவி சபையில் இருந்து போத்தலை நிரப்பிக்கொண்டு வந்தாள். மகளின் பைக்குள் வைக்கப் போனபோது, "இந்தத் தடவ நெத்தியில மட்டும்," என்றேன்.

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

அவளை அடுப்படிப் பலகையில் உட்காரவைத்து, டொக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். தொண்டை விறைப்பதை, சுவாசப்பையை, வேறு செய்தியை. மகள் பஸ்ஸில் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் நாங்கள் இருவருமே சுலபமாகத் தப்பிவிடுவோம்.

மனைவி அழுவாள் என்று நினைத்தேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். போத்தலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு," என்றாள் கடைசியில். "எனக்குத் தெரியாது. நீங்க படிச்சவரு. ஏன் மாட்டேன்னு சொல்லல?"

 அவள் எழுந்து போத்தலைத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை என் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, சோறு வடிக்கப் போனாள்.